பூங்காவில் மர மண்டபம் கட்ட நினைக்கும் உள்ளாட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நெல்லைச் சீமையின் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சித் தலைவர்கள், செயல் அலுவலர்கள், பூங்காப் பராமரிப்புக் குழுவினர்

வணக்கம்.

பூங்காக்களில் சிமெண்ட் மண்டபத்துக்குப் பதிலாக மரத்தாலான திறந்த மண்டபம் கட்டலாம் என்ற பேச்சு நம் பக்கத்து ஊர்களில் எழுந்திருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் இத்தகைய வேலைக்கு வழக்கமாகத் தயாராகும் மதிப்பீட்டில் மரத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "முதல்தரத் தேக்கு, வார்னிஷ் மூன்று பூச்சு." சிமெண்டுக்கும் கம்பிக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் மரத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை வைத்துக் கட்டிய மண்டபம் சில ஐப்பசிகளைக் கண்டதுமே தூணடியில் இற்றுப்போகும். பழி மரத்தின் மேல் விழும். அடுத்த முறை எல்லோரும் சிமெண்டுக்கே திரும்பிவிடுவார்கள்.

ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன்படி, நிபந்தனைகளை நிறைவு செய்தவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை போகும். ஆகவே ஆவணத்தில் எழுதாத எதையும் ஒப்பந்தக்காரரிடம் பிறகு கேட்க முடியாது. கேட்டாலும், "அதெல்லாம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்ற பதில்தான் வரும். தச்சு வேலையும் கட்டடக் கணக்கும் தெரிந்த நாங்கள் இந்த மடலை எழுதுவது, அந்த ஆவணத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்வதற்காக.

பேச வசதியாக ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். தூணுக்குத் தூண் 20 அடி அகலம், 30 அடி நீளம். நீளவாக்கில் பத்தடிக்கு ஒன்றாகப் பக்கத்துக்கு நான்கு தூண், மொத்தம் எட்டு. நாற்புறமும் இறவாரம் 3 அடி வெளியே நீளும். கூரைச் சாய்வு 30 பாகை. மேலே சீமை ஓடு. 600 சதுர அடியில் பாய் விரித்தால் அறுபது பேர் தாராளமாக உட்காரலாம். யோகா, சிறுவர் வகுப்பு, வார்டு கூட்டம் எல்லாவற்றுக்கும் இது போதும். இதைவிடப் பெரிதாக வேண்டுமென்றால் நீளத்தைக் கூட்டுங்கள், அகலத்தைக் கூட்டாதீர்கள். 20 அடிக்கு மேல் போனால் குறுக்கே போட நேரான ஒற்றை விட்டம் கிடைப்பது கடினம், விலையும் தாவும்.

முதலில் மரம் எது என்று பார்ப்போம். தேக்கு என்று எழுதிவிட்டால் போதாது. இன்று சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி தோட்டத் தேக்கு. இருபது ஆண்டில் வெட்டிய தேக்கில் வைரம் (நடுவிலுள்ள முற்றிய பகுதி) கொஞ்சம், சுற்றிலும் வெள்ளை (முற்றாத பகுதி) நிறைய. தேக்கின் பெயர் முழுவதும் அந்த வைரத்துக்கு உரியது. வெள்ளைப் பகுதியைச் செல் (கரையான்) அரிக்கும், வண்டும் உளுக்க வைக்கும், மற்ற எந்த மட்டமான மரத்தையும் போலவே. ஆகவே "தூண், விட்டம், உத்திரம் ஆகியவற்றில் வெள்ளை அறவே கூடாது, கைமரத்தில் ஒரு மூலையில் மட்டும், அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் இருக்கலாம்" என்று எழுதுங்கள். (உத்திரம் தூண்களின் தலைமேல் நீளவாக்கில் ஓடுவது, கைமரம் கூரைச் சாய்வில் ஓட்டைத் தாங்குவது.) "பர்மா தேக்கு" என்று விலைப்பட்டியலில் கண்டால் ஆதாரம் கேளுங்கள். அந்த நாடு உருட்டு மர ஏற்றுமதியை 2014-லேயே நிறுத்திவிட்டது.

நம் காட்டு மரத்தை நினைக்கவே வேண்டாம். மேற்கே இருப்பது களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். பட்டா நிலத்துத் தேக்கானாலும் லாரியில் ஏற்றும் முன் 1968-ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். அதன் நகலைச் சரக்கோடு கேட்டு வாங்கி வையுங்கள். நாளை கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

எங்கள் முதல் பரிந்துரை புதுத் தேக்கு அல்ல, பழைய மரம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கம் பழைய வீடுகள் இடிபடும்போது உத்திரமும் விட்டமும் பழைய மரக்கடைக்கு வருகின்றன. பல பத்தாண்டுகள் கூரைக்குள் கிடந்து காய்ந்த மரம் இனித் திருகாது, சுருங்காது. வாங்கும்போது மூன்று சோதனை போதும். சுத்தியலால் நீளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மந்தமான ஓசை வரும் இடம் உள்ளே கூடு. தரையில் தூக்கிப் போட்டால் புதிய மாவு உதிர்கிறதா பாருங்கள். உதிர்ந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. நீளத்தின் நடுப் பகுதியில், அடிமுகத்தில், பழைய துளையோ வெட்டோ இருந்தால் அந்த மரம் விட்டத்துக்கு ஆகாது. துண்டு போட்டுத் தூணுக்கோ முட்டுக்காலுக்கோ (சாய்வாகத் தாங்கும் குட்டைச் சட்டம்) வைத்துக்கொள்ளலாம். வாளில் போடும் முன் ஆணி எல்லாவற்றையும் பிடுங்கியாக வேண்டும். ஓர் ஆணி மறைந்திருந்தாலும் இழைப்பு இயந்திரத்தின் அலகு போய்விடும். அந்தக் கூலியையும் மதிப்பீட்டில் சேருங்கள்.

கைமரத்துக்குப் பனையை மிஞ்சிய மரம் இந்தச் சீமையில் இல்லை. ஆனால் பனை மாநில மரம். வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்திருக்கிறார்கள். மண்டபத்துக்கென்று நிற்கிற பனையை வெட்டாதீர்கள். இடித்த வீட்டுப் பனங்கை கிடைக்கும், அதை எடுங்கள். பனையில் வலு வெளிச்சுற்றில் கறுத்து ஓடும் நாரில்தான். நடுச்சோறு (மென்மையான உள்பகுதி) ஒன்றுக்கும் உதவாது. ஆகவே பனங்கையின் குறுக்குவெட்டைப் பாருங்கள். கறுப்பு நார் நெருக்கமாக இருக்க வேண்டும், சோறு முழுவதும் செதுக்கியிருக்க வேண்டும். பனையில் கழுந்தும் (துளைக்குள் செருகும் நாக்கு) துளையும் நன்றாக நிற்காது, நார் பிளந்துகொண்டு போகும். ஆகவே பனை கைமரத்தோடு சரி, டிரஸ்ஸுக்கு (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகத்துக்கு) வேண்டாம். துரப்பணத்தால் துளையிடாமல் நேராக ஆணி அடித்தாலும் பிளக்கும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். குளத்திலும் ஓடையிலும் அகற்றியாக வேண்டிய மரம், கரி மூட்டத்துக்குப் போகிறது. கடினமும் உண்டு, சுருக்கமும் குறைவு. ஆனால் ஆறடிக்கு நேராக ஒரு துண்டு கிடைப்பது அரிது. இருக்கைப் பலகை, மரஆணி, கைப்பிடி ஆகியவற்றுக்கு அது போதும். வெள்ளையைச் சீவிவிட்டுப் பயன்படுத்துங்கள். பூவரசு, வாகை, வைரம் பாய்ந்த நாட்டுக் கருவேலம் மூன்றும் முட்டுக்கால் போன்ற குட்டைத் துண்டுகளுக்கு ஏற்றவை. வேம்பு திருகும், ரீப்பருக்கு (ஓடு மாட்டும் மெல்லிய சட்டத்துக்கு) வேண்டுமானால் பார்க்கலாம். தைலமரத்தைக் கட்டட மரமாகப் பரிந்துரைக்க எங்களுக்கு மனமில்லை. காயும்போது அது பிளப்பதையும் முறுக்கிக்கொள்வதையும் கட்டுப்படுத்த உள்ளூர்ப் பட்டறைகளில் வசதி கிடையாது.

மரத்தின் அளவு இதோ, கன அடியில். தூண் எட்டு, 6×6 அங்குலம், எட்டடி நீளம்: 16. டிரஸ் நான்கு (விட்டம் 7×4, சாய்ந்த கைகள் 6×4, நடுக் குத்துக்கால் 5×5, முட்டுக்கால் 4×4): ஏறத்தாழ 45. இரு பக்க உத்திரம் 6×4: 12. முகட்டுவளை: 3. சாய்வின் நடுவே ஓடும் பர்லின் இரண்டு, 5×4: 10. கைமரம் முப்பது, 4×2½, பதினைந்து அடி நீளம்: 31. தூணையும் உத்திரத்தையும் விட்டத்தையும் பிணைக்கும் மூலை முட்டுகள்: 6. ரீப்பர் 2×1, சுமார் 1,100 அடி ஓட்டம்: 15. ஆக 138. கழிவு சேர்த்து 155 கன அடி கேளுங்கள். இதைவிட மிகக் குறைவாக யாராவது கணக்குக் காட்டினால் எந்த உறுப்பை மெலிதாக்கினார் என்று விசாரியுங்கள். 250 கன அடி என்று காட்டினாலும் விசாரியுங்கள்.

ஈரம். இதை யாரும் மதிப்பீட்டில் எழுதுவதில்லை, கெடுதலில் பாதி இதனால்தான் வருகிறது. பச்சை மரத்தை இழைத்து மாட்டினால் முதல் பங்குனி-சித்திரை வெயிலில் சுருங்கி, கழுந்து துளைக்குள் ஆடத் தொடங்கும். போல்ட் தளரும், கைமரம் முறுக்கி ஓட்டைத் தூக்கும். "பட்டறையிலும் தளத்திலும் ஈரமானியால் அளக்கும்போது 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மரம் திருப்பி அனுப்பப்படும்" என்று எழுதுங்கள். ஈரமானி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் கருவிதான், உங்கள் அலுவலகமே ஒன்று வாங்கி வைக்கலாம். மேல்தோலில் மட்டும் குத்தி அளந்தால் ஏமாறுவீர்கள். ஒரு துண்டின் முனையிலிருந்து ஓரடி தள்ளி வெட்டி, புது வெட்டுமுகத்தின் நடுவில் அளக்க வேண்டும். புது மரமானால் நிழலில் அடுக்கி, இரண்டடிக்கு ஒரு இடைக்குச்சி வைத்து, முனைகளில் தாரோ மெழுகோ பூசிக் காயவிட வேண்டும். முனைவழியே ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் முனை வெடிக்கிறது. 6 அங்குலத் தூண் உள்வரை காய்வதற்கு ஆண்டுக் கணக்காகும். நடுக்கரு உள்ளே இருக்கும் தூண் எப்படியும் ஒரு பக்கம் வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் நீளவாக்கில் இரண்டு அங்குல ஆழத்துக்கு ஒரு வாள்வெட்டு விட்டுவைத்தால் வெடிப்பு அந்த வெட்டிலேயே அடங்கும். பழைய மரம் வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மறுபடியும் சொல்கிறோம், பழைய மரம் வாங்குங்கள்.

இனித் தூணடி. இந்த மடலில் ஒரு பத்தியை மட்டும் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். மரம் பக்கவாட்டில் தண்ணீரை மெதுவாகத்தான் எடுக்கும். வெட்டுமுகத்தின் வழியே விறுவிறுவென்று உறிஞ்சும், ஏனென்றால் மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழல்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. தூணின் அடிமுகம் முழுவதும் வெட்டுமுகம். அதைக் கான்கிரீட்டுக்குள் புதைத்தால், மரம் சுருங்கும்போது சுற்றிலும் ஒரு மெல்லிய இடுக்கு விழும். மழைநீர் அதில் இறங்கித் தேங்கும், வெளியேற வழி இராது. வெளியே தூண் புதிதுபோல் தெரியும், உள்ளே சேறாகியிருக்கும். "உறுதிக்காக இரண்டடி கான்கிரீட்டில் புதைக்கவும்" என்று வரைபடத்தில் இருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயரக் கருங்கல் பீடம். அதன் மேல் துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கி. தாங்கியில் தூணின் அடி கல்லைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும், காற்று புகுந்து காய்வதற்கு. தாங்கி கிண்ணம்போல் இருக்கக்கூடாது, தண்ணீர் தேங்கும். இருபக்கத் தகடு மட்டும் போதும். தூணின் வெட்டுமுகத்தில் சூடான எண்ணெயை அது குடிக்கும்வரை பூசிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஒன்றரை அடி ஏன்? தரையில் விழுந்து தெறிக்கும் சேற்றுத் துளி அந்த உயரம்வரை ஏறும். செல் ஏறினாலும் கல்லின் மேலும் இரும்பின் மேலும் மண்கோடு போட்டுத்தான் ஏற முடியும், பார்வைக்கு உடனே பிடிபடும். நம் பழைய வீடுகளில் மரத்தூணுக்கடியில் கல் வைத்தார்களே, அது அலங்காரத்துக்காக அல்ல.

இறவாரம் மூன்றடி நீண்டிருக்கிறதே, மழை தூணில் படாது என்று நினைக்க வேண்டாம். உத்திரம் தரைக்கு மேல் ஒன்பதடியில் இருந்தால், 30 பாகைச் சாய்வில் இறவார விளிம்பு ஏழேகால் அடிக்கு இறங்கி வரும். காற்றோடு 45 பாகையில் சாய்ந்து வரும் மழை விளிம்பைத் தாண்டித் தூணில் நாலேகால் அடி உயரத்துக்குக் கீழ் முழுவதும் நனைக்கும். அதில் ஒன்றரை அடி கல். மீதி மரம் நனையத்தான் செய்யும். நனைவதால் கெடுதல் இல்லை, காயாமல் இருப்பதுதான் கெடுதல். அதனால்தான் தூணைச் சுற்றிக் கொடி படரவிடுவது, பூந்தொட்டி சார்த்துவது, சருகு குவிப்பது, தெளிப்பு நீர்க்குழாயைத் தூண் பக்கம் திருப்புவது எதுவுமே கூடாது. பூங்காக்காரர்களுக்கு இது பிடிக்காது. மரத்தூணைக் கண்டால் மல்லிகைக் கொடியை ஏற்றத்தான் கை போகும். கொடிக்குத் தனியாக இரும்புப் பந்தல் போட்டுக் கொடுங்கள்.

இறவாரத்துக்கு நேர் கீழே இரண்டடி அகலத்தில் சரளைக்கல் பட்டை போடுங்கள். 50 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால் இந்தக் கூரையிலிருந்து 4,300 லிட்டருக்கு மேல் இறங்கும். வெறும் மண்ணில் விழுந்தால் குழியும் சேறும்தான். பட்டைக்கடியில் வாய்க்கால் விட்டுப் பூங்காவின் உறிஞ்சுகுழிக்குக் கொண்டுபோங்கள்.

அடித்தள உயரத்தைத் தீர்மானிக்கும் முன் 2023 டிசம்பர் வெள்ளத்தின் கறை பக்கத்துச் சுவர்களில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது, தாமிரபரணி கரைபுரண்டு ஓடியது. தளத்தை ஒன்றரை அடி உயர்த்தினால் சக்கர நாற்காலிச் சாய்தளம் 1:12 கணக்கில் 18 அடி நீளம் வேண்டும். அந்த இடத்தை வரைபடத்தில் முதலிலேயே ஒதுக்குங்கள், கடைசியில் செருகினால் ஏற முடியாத செங்குத்துதான் அமையும். தளத்தை உயர்த்தினாலும் கல்பீடம் தளத்துக்கு மேல் அரையடியாவது தெரிய வேண்டும். தளத்துக்குச் செங்கல் அல்லது கருங்கல் பாவினால் போதும். மரத்தளம் போட்டால் அடியில் கரையானும் பாம்பும் குடியேறும்.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவது மண்ணைப் பொறுத்தது. ஆற்றங்கரை வண்டலிலும் செவலிலும் மூன்றடி போதும். மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் அப்படிச் செய்யக்கூடாது. கரிசல் மழையில் ஊதும், கோடையில் பிளக்கும், எட்டுத் தூணும் எட்டு விதமாக ஏறி இறங்கும். கெட்டி மண்ணோ சுக்கான் பாறையோ தட்டும்வரை இறங்கி, குழியைச் சுற்றிக் கரிசலை மறுபடி தள்ளாமல் மணலும் சரளையும் நிரப்பி, தூண் பீடங்களை ஒரு கான்கிரீட் பட்டையால் இணைக்க வேண்டும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் கவலை வேறு, அங்கே காற்றுதான் குழியை அரிக்கும்.

காற்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்றின் பலம் கயத்தாற்றுக் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்டபத்தின் எடையைச் சுமக்கத்தான் தூண் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நாற்புறமும் திறந்த மண்டபத்தில் நேர்மாறான ஆபத்து பெரிது: கூரை மேலே கிளம்பப் பார்க்கும். இந்தியத் தரநிலை 875 மூன்றாம் பகுதியின் வரைபடப்படி நம் பக்கத்துக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அதிலிருந்து வரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ. மேலிருந்து இழுப்பதும் கீழிருந்து தள்ளுவதும் சேர்ந்து அதே அளவு என்று வைத்தால், 87 சதுர மீட்டர் பரப்புள்ள இந்தக் கூரையைக் காற்று எட்டு டன் பலத்தோடு தூக்கும். 1,500 ஓடு, ஒன்று இரண்டரை கிலோ என்றால் மூன்றே முக்கால் டன். மரம் இரண்டரை டன். மொத்தம் ஆறேகால். எட்டைப் பிடிக்க ஆறேகால் போதாது. பாதுகாப்புக் காரணிகளையும் சேர்த்தால் ஒவ்வொரு தூணையும் முக்கால் டன்னுக்கு மேல் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும், மூலைத் தூண்களை அதைவிடக் கூடுதலாக. இரண்டரை அடிச் சதுரம், மூன்றடி ஆழக் கான்கிரீட் கட்டி ஒன்றேகால் டன் எடை. அஸ்திவாரம் அந்த அளவு இருப்பது அதற்காகத்தான். இது ஓர் உத்தேசக் கணக்கு. உங்கள் இடத்துக்கான கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஓட்டுக்குப் பதில் தகரம் போட்டால் செலவு மிச்சம் என்பார்கள். எடை குறைந்தால் பிடிப்பு இன்னும் கூட வேண்டும், வெயிலில் கீழே உட்காரவும் முடியாது.

பிடிப்பு என்பது ஓட்டிலிருந்து மண்வரை அறுபடாத ஒரு தொடர். ஓடு ரீப்பரோடு, ரீப்பர் கைமரத்தோடு, கைமரம் உத்திரத்தோடு, உத்திரம் தூணோடு, தூண் இரும்புத் தாங்கியோடு, தாங்கி 16 மி.மீ. கம்பியால் கான்கிரீட்டோடு. இதில் ஏதாவது ஓரிடத்தில் வெறும் ஆணி மட்டும் இருந்தால் தொடர் அங்கேதான் அறும். கைமரமும் உத்திரமும் சேருமிடத்தில் துத்தநாகம் பூசிய பட்டைத்தகடு சுற்றி ஆணி அடிக்கச் சொல்லுங்கள். ஓட்டில் இறவார வரிசை, முகட்டு வரிசை, இரு முனை வரிசைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஜி.ஐ. கம்பியால் ரீப்பரில் கட்ட வேண்டும். கட்டுவதற்கென்றே ஓட்டின் பின்புறம் துளை இருக்கிறது, பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை.

ரீப்பர் இடைவெளியைப் புத்தகத்தில் பார்த்து எழுதாதீர்கள். வந்திறங்கிய ஓட்டில் பத்தை வரிசையாகக் கோர்த்து, ஒருமுறை இழுத்தும் ஒருமுறை நெருக்கியும் அளந்து, சராசரியைப் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டரை அங்குலத்தை ஒட்டி வரும். இடித்த வீட்டு ஓடானால் வெவ்வேறு தொழிற்சாலை ஓடுகளைக் கலக்காமல் சாய்வுக்குச் சாய்வு பிரித்துப் போடுங்கள்.

டிரஸ்ஸில் நடக்கும் தவறுகள் இரண்டு. நடுக் குத்துக்கால் விட்டத்தின் மேல் நிற்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது நிற்கவில்லை, தொங்குகிறது. விட்டம் நடுவில் தொய்யாமல் மேலிருந்து பிடித்திருப்பது அதுதான். ஆகவே அதன் அடிமூட்டில் விட்டத்தைச் சுற்றி மேலேறும் U வடிவ இரும்புப் பட்டை வேண்டும். ஆணி போதாது. இரண்டாவது, சாய்ந்த கை விட்டத்தின் முனையில் வந்து உட்காரும் வெட்டு. அந்த வெட்டுக்கு அப்பால் விட்டம் குறைந்தது ஓரடி நீண்டிருக்க வேண்டும். அழகுக்காக அதை ஒட்ட நறுக்கினால், கை வெளிப்பக்கமாகத் தள்ளும்போது முனை நாரோடு பிளந்து கழன்றுவிடும். முதல் டிரஸ்ஸைத் தரையில் முழு அளவுக் கோடு போட்டு அதன் மேலேயே செய்து, பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு மற்ற மூன்றைச் செய்ய வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். நல்ல ஆசாரி யாரும் இதற்குச் சுணங்க மாட்டார்.

கல்லின் மேல் நிற்கும் தூணுக்குத் தானாகச் சாயாமல் நிற்கும் பலம் கிடையாது. உத்திரத்துக்கும் தூணுக்கும் நடுவே, விட்டத்துக்கும் தூணுக்கும் நடுவே, 45 பாகையில் மூன்றரை அடி முட்டு வைத்தால்தான் மண்டபம் இரு திசையிலும் ஆடாது. முட்டின் கீழ்முனை ஆறரை அடி உயரத்தில் வரும், தலை இடிக்காது. கூரைத் தளத்திலும் மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் வேண்டும், கைமரத்தின் அடியில் அடித்தால் போதும்.

போல்ட் 12 மி.மீ., துத்தநாகம் பூசியது, வாஷர் இரண்டரை அங்குலச் சதுரம். சின்ன வாஷர் மரத்துக்குள் புதைந்துவிடும். வெறும் இரும்பு வேண்டாம். கருவேலம் போன்ற மரங்களில் உள்ள துவர்ப்புச் சத்தும் ஈரமும் சேர்ந்து இரும்பைத் தின்னும், மரமும் கறுக்கும். மரத்தின் முனையிலிருந்து போல்ட் துளைக்கு மூன்றரை அங்குலமாவது இருக்க வேண்டும், குறைந்தால் முனை பிளக்கும்.

திசை: முகடு கிழக்கு-மேற்காக ஓடட்டும். மேற்கு முக்கோண முகத்தைப் பலகைச் சட்டங்களால் காற்று வடியும்படி மூடுங்கள், மாலை வெயிலும் ஆடிக் காற்றும் அங்கிருந்துதான் வரும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு 8.7 பாகை வடக்கே இருப்பதால் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி நடுவரை உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். தெற்கு இறவாரத்தை மட்டும் நீட்டி வடக்கைக் குறைக்கும் வரைபடங்கள் வேறு எங்கோ வரைந்தவை. தென்னைக்கடியில் மண்டபம் வேண்டாம், ஒரு நெற்று விழுந்தால் நாலு ஓடு போச்சு. வேம்பின் பக்கத்தில் கட்டலாம், ஆனால் கூரையில் பள்ளமூலை (இரு சாய்வுகள் சேரும் பள்ளம்) இல்லாத நேர்ச்சாய்வாக இருக்கட்டும். பள்ளமூலையில் சருகு தங்கினால் முதலில் இற்றுப்போவது அந்த இடம்தான்.

வார்னிஷை விட்டுவிடுங்கள். வெயில் படும் மரத்தில் அது ஏடாக உரியும், உரிந்த இடத்தில் தண்ணீர் புகுந்து மற்ற இடத்து ஏட்டுக்கடியில் தங்கும். எனாமல் பெயின்டும் அப்படித்தான். ஆளிவிதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து பூசுங்கள். கைபடாத கைமரத்துக்கும் ரீப்பருக்கும் முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய் பூசும் பழக்கம் நம் தென்பக்கத்தில் உண்டு. மரம் கறுக்கும், வண்டு அண்டாது. ஆனால் பூசுகிறவர் கையுறை போட வேண்டும், தோலைப் புண்ணாக்கும். போராக்ஸ்-போரிக் கலவை நல்ல மருந்து, மழை படும் இடத்தில் கரைந்துபோகும் என்பதால் கூரைக்கடி மரத்துக்கு மட்டும். ஆர்செனிக் கலந்த பச்சை மருந்தேற்றிய மரம் விலை குறைவாக வந்தாலும் குழந்தைகள் தொடும் இடத்தில் வேண்டாம், அதன் துண்டுகளை அடுப்பில் எரிக்கவும் கூடாது.

மின்விசிறிக்காக விட்டத்தின் அடிமுகத்தில் துளை போடுவதை யாராவது தடுக்க வேண்டும். விட்டம் இழுபடுவது அந்த முகத்தில்தான், அதில் ஓர் அங்குலத் துளையே பெரிய சேதம். விசிறியும் விளக்கும் விட்டத்தைச் சுற்றிய பட்டையில் தொங்கட்டும், கம்பி வெளிக்குழாயில் ஓடட்டும். ஊஞ்சல் கட்டுவதையும் பந்தல்காரர் கயிறு இழுத்துக் கட்டுவதையும் முன்கூட்டியே நினைத்து, வெளியே நாலு இரும்புக் கொக்கியைத் தனியாக நட்டு வைத்தால் மரம் தப்பும்.

இவ்வளவும் எதற்கு? காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். மண்டபம் நிற்கும்வரை அது காற்றுக்குப் போகாமல் மரத்திலேயே இருக்கும். ஆனால் இருபத்தைந்து ஆண்டு வளர்ந்த மரம் பத்தாண்டில் இற்றுப்போனால் சுற்றுச்சூழல் கணக்கில் நட்டம்தான், பெயர்ப்பலகையில் பசுமை என்று எத்தனை முறை எழுதினாலும். பழுதான ஒரு துண்டை மட்டும் கழற்றி உள்ளூர் ஆசாரியே மாற்றும்படி கட்டினால், அந்தக் கணக்கு நம் பக்கம் திரும்பும். போல்ட் தலைகளை மரச்சக்கையால் மூடி மறைக்காதீர்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பராமரிப்புக்கு ஆண்டுதோறும் புரட்டாசியில் ஒரு வேலை நாள் ஒதுக்குங்கள். ஓடு மாற்றுவது, சருகு நீக்குவது, எண்ணெய் பூசுவது, கல்பீடங்களில் செல்மண் கோடு தேடுவது, தூணடியில் திருப்புளியால் குத்திப் பார்ப்பது. கால் அங்குலத்துக்கு மேல் திருப்புளி இறங்கினால் அந்தத் தூணைப் பொறியாளருக்குக் காட்டுங்கள். கட்டும்போதே நூறு ஓடும் ஐந்தாறு கைமரமும் கூடுதலாக வாங்கி நிழலில் அடுக்கி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து அதே அளவு ஓடு கிடைக்காது.

கடைசியாக ஒரு நிபந்தனை. முதல் கோடை முடிந்ததும் மரம் எவ்வளவு காய்ந்திருந்தாலும் சற்றுச் சுருங்கியிருக்கும், போல்ட் எல்லாம் அரைச் சுற்று, ஒரு சுற்று தளர்ந்திருக்கும். ஒப்பந்தக்காரர் ஓராண்டு கழித்து வந்து எல்லாப் போல்ட்டையும் இறுக்கி, முட்டுகளைச் சரிபார்த்து, பொறியாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஆவணத்தில் சேருங்கள். பிடித்து வைத்திருக்கும் வைப்புத்தொகையை அந்தக் கையெழுத்துக்குப் பிறகே விடுவியுங்கள்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமையின் தச்சர்களும் கட்டடப் பொறியாளர்களும் சிலர்